தேயாத டயரும் வழுக்காத டயரும்

போன வருசம் ஸ்டடி லீவில் நாங்கள் ஆறு பேர், மூன்று பைக்கில், யாழ்ப்பாணத்தில இருந்து நுவரெலியாவுக்குப் போனோம். வெளிக்கிட முதல் நாள் பின்னேரம் போர்டிங் முற்றத்தில பைக்குகளை வரிசையா விட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஒரு நண்பனின் பைக் அவனுடைய சித்தப்பாவுடையது. அவர் வெளிநாடு போனபிறகு பல வருசம் வீட்டு விறாந்தையில சும்மா நின்ற பைக். பின் டயரில் பள்ளங்கள் எல்லாம் புதுசு மாதிரி முழுசாக இருந்தன. "மாத்துவமோ?" என்று அவன் கேட்டான். "உது இன்னும் பத்தாயிரம் கிலோமீற்றர் ஓடும், காசை மிச்சம் பிடி" என்று சொன்னது நாங்கள்தான். இதை ஒளிக்காமல் எழுதவேண்டி இருக்கு.

ஏ9 வீதியில் ஒரு பிரச்சினையும் இல்லை. கிளிநொச்சி, வவுனியா, மிகிந்தலை, தம்புள்ளை என்று நேர் ரோட்டில் டயர் தன்பாட்டுக்கு ஓடியது. கண்டி தாண்டி, கம்பளை தாண்டி, புசல்லாவைக்கு மேலே ஏறும்போது தூறல் தொடங்கியது. றம்பொடைக்கு முன்னால் ஒரு இடப்பக்க வளைவு. வேகம் முப்பதுக்கு மேல் இல்லை. பின் சில்லு ஒரு சத்தமும் இல்லாமல் வெளியால போனது. நண்பனுக்குக் காறை எலும்பு முறிந்தது. அந்தச் செமஸ்டர் சோதனையை அவன் எழுதவில்லை.

திரும்பி வந்தபிறகு பைக்கைக் கொண்டுபோன கராஜில் அண்ணை டயரைப் பார்த்துவிட்டு முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பெருவிரல் நகத்தை இறப்பரில் வைத்து அழுத்தினார். நகம் இறங்கவில்லை. பிறகு டயரின் பக்கவாட்டில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் இருந்த நாலு எண்களைக் காட்டினார்: 4012. இரண்டாயிரத்துப் பன்னிரண்டாம் ஆண்டின் நாற்பதாவது கிழமையில் செய்த டயர். எங்களில் கடைசிக்காரன் அப்போது ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் எழுதிவிட்டு மாபிள் விளையாடிக்கொண்டிருந்தவன்.

"தேயேல்லை எண்டா நல்ல டயர் எண்டு நினைச்சியளோ, தம்பியவை? தன்னில ஒண்டையும் ரோட்டுக்குக் குடுக்காத டயர் ரோட்டைப் பிடிக்கவும் மாட்டுது."

இந்தக் கட்டுரை அந்த ஒரு வசனத்துக்குப் பின்னால் போன கதை. நாங்கள் கலைப்பீடம். எங்கட இரசாயனவியல் ஓ.எல்லோடு முடிந்தது. ஆனால் டயருக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அதை வாசிக்கலாம் என்று தெரிந்தபிறகு விடமுடியவில்லை. வாசிக்க வாசிக்க, இருநூறு வருசமாக ஒரே சண்டைதான் நடந்துகொண்டிருக்கிறது என்று விளங்கியது. ஒரு பக்கம் தேயாத டயர். மறுபக்கம் வழுக்காத டயர். இரண்டையும் ஒரே சில்லில் எப்படிப் போடுவது?

இந்தக் கேள்வியை ஆகக் கூர்மையாகக் கேட்கிறவர்கள் ஐரோப்பாவில் 'ஸ்போர்ட் டூரிங்' பைக் ஓடுகிறவர்கள். ஹம்பேர்க்கில் இருக்கிற ஒருத்தர் ஓட்டோபானில் எண்ணூறு, தொள்ளாயிரம் கிலோமீற்றர் நேராகத் தெற்கே வருவார். பிறகு மூன்று நாள் அல்ப்ஸ் மலை வளைவுகளில் பைக்கைச் சரித்துச் சரித்து ஓடுவார். பிறகு அதே டயரில் வீட்டுக்குத் திரும்புவார். நேர் ரோட்டுக்குக் கடினமான இறப்பர் வேண்டும், இல்லாவிட்டால் வீடு போய்ச் சேரமுதல் டயர் முடிந்துவிடும். வளைவுக்கு மெதுவான இறப்பர் வேண்டும், இல்லாவிட்டால் ஆள் வீடு போய்ச் சேரமாட்டார். ஏ9 வீதியும் றம்பொடை வளைவும் இதே கணக்கின் சின்ன வடிவம்தான். எங்களுக்கு அது அப்போது தெரியாது.

இறப்பர் என்ற பொருளுக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர் வந்ததே அழிக்கிறதால்தான். 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற ஆங்கில விஞ்ஞானி, பென்சில் கீறலை இது வடிவா அழிக்கிறது என்று எழுதினார். தேய்க்கிறது என்ற வினையிலிருந்து பெயர் வந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் வைத்திருந்த அழிறப்பரை யோசித்துப் பாருங்கள். மெதுவான அழிறப்பர் நல்லா அழிக்கும், ஆனால் தூள் தூளாகக் கொட்டி ஒரு தவணைக்குள் முடிந்துவிடும். பென்சில் முனையில் பூட்டிவரும் அந்தக் கடின றோஸ் இறப்பர் வருசக்கணக்காக இருக்கும், ஆனால் கொப்பியைக் கிழிக்கும். டயரின் முழுப் பிரச்சினையும் அந்தப் பென்சில் பெட்டிக்குள் இருந்திருக்கிறது.

பச்சை இறப்பர் வெயிலில் உருகும், குளிரில் வெடிக்கும். 1839இல் அமெரிக்காவில் சார்ள்ஸ் குட்இயர் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது நிலையாக நிற்கும் என்று கண்டுபிடித்தார். நீளமான இறப்பர் மூலக்கூறுகளுக்கு இடையில் கந்தகம் பாலம் போடுகிறது. பாலம் குறைவென்றால் மெது, கூடினால் கடினம். (அவருடைய பெயரில் இருக்கும் டயர்க் கம்பனிக்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அது 1898இல், அவர் கடனோடு இறந்து பல வருசத்துக்குப் பிறகு, மரியாதைக்காக வைத்த பெயர்.) காற்றடைத்த டயருக்கு 1845இலேயே ரொபேர்ட் வில்லியம் தொம்சன் காப்புரிமை எடுத்துவிட்டார். ஆனால் அப்போது அதைப் பூட்டி ஓட சைக்கிளும் இல்லை, பைக்கும் இல்லை. 1888இல் பெல்பாஸ்டில் மிருக வைத்தியராக இருந்த ஜோன் பொய்ட் டன்லொப் தன் மகனின் மூன்று சில்லுச் சைக்கிளுக்காக அதைத் திரும்பவும் கண்டுபிடித்தார். இந்தக் கதைகளை எல்லோரும் எழுதிவிட்டார்கள், நாங்கள் கடந்து போகிறோம்.

எங்களை நிறுத்தி வைத்தது டயரின் நிறம். டயர் ஏன் கறுப்பு? முந்தி அது கறுப்பில்லை. பச்சை இறப்பரின் வெளிறிய நிறத்திலும், நாக ஒட்சைட்டுச் சேர்த்தபிறகு நல்ல வெள்ளையாகவும்தான் இருந்தது. மிஷலின் கம்பனியின் அந்தத் தடித்த பொம்மை வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் இதுதான். அது 1898இல் பிறந்தது, அப்போது டயர்கள் வெளிறி இருந்தன. 1904 அளவில் லண்டனின் சில்வர்டவுனில் இருந்த ஒரு இறப்பர்த் தொழிற்சாலையில், புகைக்கரியை இறப்பரோடு கலந்தால் அது பலமடங்கு உறுதியாகிறது என்று கண்டார்கள். அமெரிக்காவில் குட்ரிச் கம்பனி 1910களில் இதைப் பெரிய அளவில் செய்யத் தொடங்கியது. அவர்களுக்குக் கரி விற்றது பின்னி அன்ட் ஸ்மித் என்ற கம்பனி. அதே கம்பனிதான் சின்னப்பிள்ளைகள் கீறும் கிரயோலாக் கலர்களைச் செய்தது. பென்சில் பெட்டி எங்களை விடுகிறதாயில்லை.

கரி சேர்ந்தவுடன் டயரின் ஆயுள் பல மடங்கானது. தேய்மானத்துக்கு எதிரான முதல் பெரிய வெற்றி அது. ஆனால் பிடிப்பைப் பற்றி அந்தக் காலத்தில் ஒருவரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. வீதிகள் மண்ணும் கல்லும். டயர் வெடிக்காமல் போய்ச் சேர்ந்தாலே போதும்.

இந்த இடத்தில் கதை எங்கட தீவுக்கு வருகிறது. டயரின் வரலாற்றை வாசிக்கத் தொடங்கும்போது கம்பஹா வந்து நிற்கும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. 1876இல் ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலில் இருந்து சுமார் 70,000 இறப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை மூவாயிரம்கூட இல்லை. அவற்றில் பெரும்பகுதி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட கன்றுகள், கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. அவற்றை நட்ட இடம் கம்பஹாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஹெனரத்கொடை. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்களின் தொடக்க இடங்களில் அதுவும் ஒன்று. பிறகு களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி என்று தோட்டங்கள் பரவின. பால் வெட்டக் கொண்டுவரப்பட்டவர்களில் பெருந்தொகையானோர் தென்னிந்தியத் தமிழர்கள்.

எங்களோடு படிக்கிற ஒருத்தியின் பாட்டி கேகாலைப் பக்கத் தோட்டமொன்றில் பால் வெட்டினவர். விடிய முதல் போகவேண்டும், வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். மழை பெய்தால் வெட்ட முடியாது, பால் தண்ணியோடு போய்விடும். வேலை இல்லையென்றால் அன்றைக்குக் கணக்கு இல்லை. "மழைக்கு வழுக்காத டயர் பற்றி நீங்க எழுதுறீங்க, மழைக்குப் பட்டினி கிடந்தவங்களையும் ஒரு வரி எழுதுங்க" என்று அவள் சொன்னாள். எழுதியாயிற்று. ஒரு வரி போதாது என்று எங்களுக்கும் தெரியும்.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. மலாயாவும் டச்சுக்காரரின் கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பானிடம் போனபோது, உலகின் இயற்கை இறப்பரில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நேச நாடுகளின் கையைவிட்டுப் போனது. மிஞ்சிய பெரிய ஊற்று இலங்கை. இங்கே மரம் தாங்குமா என்று பார்க்காமல் கண்டபடி வெட்டிப் பால் எடுத்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயரின் கருத்து 'கொலை வெட்டு' என்பதுதான். அப்படி வெட்டிய மரம் சில வருசத்தில் பால் வற்றி நின்றுவிடும். யுத்தம் முடிந்தபிறகு எத்தனையோ தோட்டங்கள் திரும்ப நடவேண்டி இருந்தன. ஓ.எல் வரலாற்றில் 1952 இறப்பர் அரிசி ஒப்பந்தத்தை எல்லோரும் பாடமாக்கி இருப்போம். அந்தப் பத்து வருசத்துக்கு முந்தின மரங்களின் கதையை ஒருவரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

இலங்கை இறப்பர் மட்டும் போதாது என்றபடியால் அமெரிக்கா செயற்கை இறப்பரைத் தொழிற்சாலைக் கணக்கில் செய்யத் தொடங்கியது. ஸ்டைரீன், பியூட்டடையீன் என்ற இரண்டு இரசாயனங்களைக் கோர்த்துச் செய்வது. ஜேர்மன்காரர் 1929 அளவிலேயே கண்டுபிடித்து வைத்திருந்த வழி. இயற்கை இறப்பரோடு ஒப்பிட்டால் இதில் ஒரு குறை இருந்தது: அழுத்தி விட்டால் உடனே பழைய நிலைக்குத் திரும்பாது, கொஞ்சம் சோம்பலாகத் திரும்பும். அந்தச் சோம்பலில் சக்தி சூடாக மாறிப்போகும். பாரலொறி டயர்கள் இதனால் சூடேறிப் பழுதாகின. இன்றுவரைக்கும் பாரவாகனத்துக்கும் ஆகாயவிமானத்துக்கும் இயற்கை இறப்பர்தான் பிரதானம்.

ஆனால் குறை என்று பார்த்த அந்தச் சோம்பலே மழை ரோட்டில் ஆளைக் காப்பாற்றுகிறது என்று பிறகு தெரியவந்தது. இந்த வரலாற்றில் எங்களுக்கு ஆகப் பிடித்த திருப்பம் இது. 1950களில் கேம்பிரிட்ஜில் டேவிட் டேபர் என்ற பௌதிகவியலாளரும் அவரோடு இருந்தவர்களும் வழுக்கும் திரவம் பூசிய இறப்பரின் மேல் கடினமான குண்டுகளை உருட்டியும் இழுத்தும் பார்த்தார்கள். ஒட்டுகிற தன்மை முழுதாகப் போனபிறகும் ஒரு உராய்வு மிஞ்சியது. அது எங்கிருந்து வருகிறது? குண்டு முன்னால் போகப்போக இறப்பரை அழுத்துகிறது. பின்னால் இறப்பர் சோம்பலாக எழும்புகிறது. அழுத்தக் கொடுத்த சக்தி முழுதாகத் திரும்பி வருவதில்லை. அந்த இழப்புத்தான் உராய்வு. குண்டுக்குப் பதிலாக வீதியில் இருக்கும் கல்லுப் பொருக்குகளை நினைத்துக்கொள்ளுங்கள். ரோட்டில் தண்ணி நின்றாலும், டயர் அந்தப் பொருக்குகளுக்கு மேல் இறங்கி, நசிந்து, பிந்தி எழும்புமென்றால் பிடிப்பு இருக்கும். உடனே துள்ளி எழும்பும் இறப்பர் வழுக்கும். இந்தச் சோம்பலுக்கு 'ஹிஸ்டெரிசிஸ்' என்று பெயர். டன்லொப், ஏவன் போன்ற பிரித்தானியக் கம்பனிகள் சோம்பல் கூடிய இறப்பரில் டயர் செய்யத் தொடங்கின.

வழுக்குவது நின்றது. ஆனால் பிடித்த டயர் சூடேறியது, சூடேறியது கெதியாகத் தேய்ந்தது. அழிறப்பர்க் கணக்கு திரும்ப வந்துவிட்டது.

பைக்குக்கு இந்தச் சண்டை காரைவிடப் பெரியது. கார் டயர் தட்டை, முழு அகலமும் எப்போதும் ரோட்டில் இருக்கும். பைக் டயர் வளைந்தது. நேராக ஓடும்போது நடுப்பகுதி மட்டும் ரோட்டைத் தொடும், சரியும்போது தோள்பகுதி தொடும். எந்த நேரத்திலும் ரோட்டோடு பொருந்தி இருப்பது உள்ளங்கை அளவு இறப்பர். அந்த உள்ளங்கைக்கு மேலேதான் ஆளும் பைக்கும் பின்னால் இருக்கிறவரும்.

1969இல் ஐல் ஒஃப் மான் தீவில் நடந்த போட்டியில் மல்கம் அப்ஹில் என்ற வேல்ஸ்காரர், கடையில் விற்கும் வகையான ட்ரையம்ப் பொனவில் பைக்கில், சராசரி 100 மைல் வேகத்துக்கு மேல் ஒரு சுற்றை முடித்தார். விற்பனைக்கு வரும் பைக்குகளுக்கான போட்டியில் அது முதற்தடவை. அவர் பூட்டியிருந்ததும் யாரும் கடையில் வாங்கக்கூடிய டன்லொப் கே81 டயர். டன்லொப் உடனே அதன் பெயரை டிடி100 என்று மாற்றிவிட்டது. ரேஸில் நின்றுபிடிக்கும் டயரை வீட்டுக்கும் பூட்டிக்கொண்டு போகலாம் என்ற எண்ணம் சாதாரண ஆட்களுக்கு அப்போதுதான் வந்தது. விளம்பரம்தான். ஆனால் பொய்யில்லாத விளம்பரம்.

1976இல் பிஎம்டபிள்யூ ஆர்100ஆர்எஸ் வந்தது. காற்றை வெட்டும் முழு மூடி போட்டு, பெட்டி பூட்டி, நாள் முழுக்க வேகமாக ஓடச் செய்த பைக். ஸ்போர்ட் டூரிங் என்ற இனத்தின் தொடக்கமாகப் பலர் அதைத்தான் சொல்வார்கள். பைக்குகள் கனத்தன, வேகம் ஏறியது. பழைய டயர்கள் திணறின. அவற்றின் உள்ளே துணிநார்கள் ஒன்றுக்குமேல் ஒன்று குறுக்காகப் படிந்திருந்தன. ஓடும்போது அந்த அடுக்குகள் ஒன்றோடொன்று உரசிச் சூடாகும், வேகத்தில் டயர் ஊதும். டயரைச் சூட்டில் இருந்து காப்பாற்ற இறப்பரைக் கடினமாக்க வேண்டி இருந்தது.

மிஷலின் 1946இல் காருக்குக் காப்புரிமை எடுத்த ரேடியல் முறையில் நார்கள் ஒரு விளிம்பில் இருந்து மறு விளிம்புக்கு நேராகப் போகும், மேலே ஒரு பட்டி சுற்றி இறுக்கும். உரசல் குறைவு, சூடு குறைவு. வளைந்த பைக் டயருக்கு இதைக் கொண்டுவர நாற்பது வருசம் எடுத்தது. 1980களின் நடுப்பகுதியில்தான் ரேடியல் பைக் டயர்கள் கடைக்கு வந்தன. 1990களின் தொடக்கத்தில் ஜேர்மனியின் மெற்சலர் அந்தப் பட்டியை, டயரைச் சுற்றி நேராக ஓடும் உருக்குக் கம்பியாலேயே செய்தது. பிடிப்பைத் தரும் மெதுவான இறப்பரைப் பூசியும் டயர் நெடுநாள் நிற்க, இறப்பரை மாற்றாமல் இறப்பருக்குக் கீழே இருக்கும் எலும்புக்கூட்டை மாற்றியிருக்கிறார்கள். இதைத்தான் நாங்கள் உண்மையான முன்னேற்றம் என்று சொல்வோம்.

அடுத்தது மணல். சரியாகச் சொன்னால் சிலிக்கா, மணலின் அதே பொருள், மாவாக. 1992இல் மிஷலின் கார் டயரில் கரியின் பெரும்பகுதிக்குப் பதிலாக இதைக் கலந்தது. பெற்றோல் மிச்சம் பிடிப்பதுதான் நோக்கம். ஆனால் இதில் ஒரு விசயம் இருக்கு. டயர் உருளும்போது இறப்பர் செக்கனுக்குப் பத்து இருபது தடவை நசிந்து எழும்பும். வழுக்கப் பார்க்கும்போது, வீதியின் சின்னச் சின்னப் பொருக்குகளில் பட்டு, செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவை நசிந்து எழும்பும். கரி சேர்த்த இறப்பர் இரண்டு வேலையிலும் ஒரே மாதிரிச் சோம்பல். சிலிக்கா சேர்த்தது உருளும்போது சுறுசுறுப்பு, வழுக்கும்போது சோம்பல். தேவையான இடத்தில் மட்டும் சோம்பல்படுகிற ஆட்கள் எங்கட வகுப்பிலும் இருக்கினம், அது ஒரு கலைதான். சிலிக்கா பைக் டயர்களுக்கும் வந்தபிறகு, குளிரிலும் மழையிலும் பிடிக்கிற, அதேநேரம் நெடுந்தூரம் ஓடுகிற டயர் என்று ஒன்று உண்மையிலேயே சாத்தியமானது.

அப்படியும் ஓட்டோபான் பிரச்சினை மிஞ்சியது. நேர் ரோட்டில் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து டயர் சதுரமாகிவிடும். பிறகு சரிக்கும்போது ஒரு விளிம்பில் ஏறி விழுவது போல இருக்கும். 2000களின் நடுவில் மிஷலின் தெருப் பைக்குகளுக்கு இரண்டு இறப்பர் டயரைக் கொண்டுவந்தது: நடுவில் கடினம், இரு தோளிலும் மெது. 2007இல் வந்த பைலட் ரோட் 2 இந்த முறையில் செய்த டூரிங் டயர். இப்போது எல்லாப் பெரிய கம்பனிகளும் செய்கின்றன. இருநூறு வருசச் சண்டையில் இரண்டு தரப்பும் ஒரே டயரில் பக்கத்துப் பக்கத்து வளவில் குடியேறின என்று சொல்லலாம். வேலி எங்கே போடுவது என்பதுதான் இப்போது கம்பனிகளுக்கு இடையில் போட்டி.

இத்தாலியின் பிரெல்லி 2009இல் ஏஞ்சல் எஸ்டி என்ற டயரில் ஒரு பகிடி செய்தது. புதிதாக இருக்கும்போது அதன் பரப்பில் ஒரு தேவதையின் முகம் தெரியும். கொஞ்சம் ஓடித் தேய்ந்ததும் அது மறைந்து பிசாசின் முகம் வரும். நெடுந்தூர டயர் என்றால் சாதுவான டயர் என்று நினைக்கிறவர்களுக்கான பதில். எங்கட நண்பனின் டயர் இதற்கு நேர்மாறு. அதில் கடைசிவரைக்கும் தேவதைதான் இருந்தது.

சரி, இதை வைத்துக்கொண்டு டயர் தெரிவது எப்படி? முதலில் ஒரு ஏமாற்றம். அமெரிக்காவில் விற்கும் கார் டயரில் எவ்வளவு தேயும் என்பதற்கு ஒரு எண் அடித்திருப்பார்கள். பைக் டயருக்கு அப்படி ஒரு கட்டாய எண் இல்லை. இருபதாயிரம் ஓடும் என்று யாராவது சொன்னால், எந்த ரோட்டில், எந்தப் பைக்கில், எவ்வளவு காற்றில் என்று கேட்கவேண்டும். ஸ்போர்ட் டூரிங் என்று பெயர் போட்டு வரும் டயர்களும் பெரும்பாலும் பெரிய பைக்குகளின் பதினேழு அங்குல அகலச் சில்லுகளுக்குத்தான். எங்கட நூற்றைம்பது சீசீக்களுக்கு அந்தப் பெயர் கொஞ்சம் பெரிது. ஆனால் அந்த அறிவு கீழே இறங்கி வந்திருக்கிறது. சிலிக்கா கலந்த சின்ன டயர்கள் இப்போது இருக்கின்றன. கடையில் பள்ளத்தின் வடிவைப் பற்றித்தான் கதைப்பார்கள், கலவையைப் பற்றிக் கேட்டால் நிமிர்ந்து பார்ப்பார்கள். கேளுங்கோ.

நாங்கள் இப்போது முதலில் கேட்பது ரோட்டைப் பற்றி. முக்கால்வாசி நேரம் நேர் ரோட்டில், சாமானோடு ஓடுகிறவருக்கு நடுவில் கடினமான டயர் வேண்டும். அவர் ரேஸ் டயர் பூட்டினால் காசும் நட்டம், பிடிப்பும் நட்டம், ஏனென்றால் அந்த டயர் சூடேறினால்தான் பிடிக்கும், சும்மா ரோட்டில் அந்தச் சூடு வராது. மலைநாட்டில் தினமும் ஓடுகிறவருக்கு மழையில் பிடிக்கிற இறப்பர்தான் முக்கியம், இரண்டாயிரம் கிலோமீற்றர் முந்தி முடிந்தாலும் பரவாயில்லை. இரண்டாவதாக அந்த நாலு எண்கள். முதல் இரண்டும் கிழமை, கடைசி இரண்டும் வருசம். ஓடாமல் நின்றாலும் இறப்பர் மூப்படையும். காற்றில் உள்ள ஒட்சிசனும் வெயிலும் சேர்ந்து, கந்தகம் போட்ட பாலங்களுக்கு மேல் இன்னும் பாலம் போட்டுக்கொண்டே இருக்கும். கடைசியில் சோம்பல் போய்விடும், பிடிப்பும் போய்விடும், பள்ளம் மட்டும் நிற்கும். 2020இல் இறக்குமதிக் கட்டுப்பாடு, பிறகு 2022 நெருக்கடி என்று டயர் விலை ஏறின காலத்தில் பழைய ஸ்டொக்கும் பாவித்த டயரும் எத்தனையோ கை மாறின. 'பள்ளம் முழுசா இருக்கு' என்பதுதான் எல்லோரும் சொன்ன வியாபார வசனம். நாங்களும் அதையே ஒரு நண்பனுக்குச் சொன்னோம், ஒரு சதமும் வாங்காமல்.

காற்றைப் பற்றியும் ஒரு சொல். கூட அடித்தால் டயரின் நடு மட்டும் ரோட்டில் நின்று கெதியாகத் தேயும். குறைய அடித்தால் பக்கங்கள் மடிந்து மடிந்து சூடாகும். பைக்கின் சங்கிலி மூடியிலோ கையேட்டிலோ எழுதியிருக்கும் அளவை, டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்கவேண்டும். இதற்குக் காசு தேவையில்லை, கிழமைக்கு ஐந்து நிமிசம் போதும்.

நண்பன் அடுத்த வருசத்துப் பிள்ளைகளோடு இருந்து அந்தச் சோதனையை எழுதினான். பின் டயருக்கு நாங்கள் ஆறு பேரும் சேர்ந்து காசு போட்டோம். அவன் வேண்டாம் என்றான், நாங்கள் விடவில்லை. கடையில் அவன் கேட்ட முதல் கேள்வி எண் என்ன என்பது. கடைக்காரர் உள்ளே போய் இன்னொரு டயர் எடுத்துவந்தார். இப்போது அது ஆறாயிரம் கிலோமீற்றர் ஓடிவிட்டது. போன கிழமை போர்டிங் முற்றத்தில குனிந்து பார்த்தோம். நடுவில் கொஞ்சம் தேய்ந்திருக்கு. நகத்தை வைத்து அழுத்தினான், இறங்கியது.